அறுவை மருத்துவர்களுக்கு மரபணு ஆய்வகத்தில் ஓராண்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மருத்துவ மேற்படிப்பு இடங்கள், நீட் மதிப்பெண், கட்டணம், பணிக்கால ஒப்பந்தம் ஆகியவை பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி வாசகர் கடிதங்கள் வெளிவருகின்றன. இடம் கிடைத்தபின் அந்த மூன்றாண்டுகளில் ஓர் அறுவை மருத்துவர் எதைக் கற்கிறார், எதைக் கற்காமலேயே வெளியேறுகிறார் என்பது பற்றி எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பொது அறுவைச் சிகிச்சைத் துறையில் ஆசிரியராக இருக்கும் நான், விடுப்பு எடுத்துக்கொண்டு, புற்றுநோய் மரபணு ஆய்வகம் ஒன்றில் ஆய்வு ஃபெலோஷிப்பில் சேர்ந்து பணியாற்றித் திரும்பியவன். அங்கே கற்றதை முன்வைத்து ஒரு கோரிக்கையை எழுப்பவே இக்கடிதம். எம்.எஸ். பயிலும் மாணவர்களிலும் அரசுப் பணியிலுள்ள இளம் அறுவை மருத்துவர்களிலும் விரும்புவோருக்கு, ஜீனோம் (மரபணுத் தொகுதி) ஆய்வகம் ஒன்றில் ஓராண்டு பணியாற்ற, ஊதியத்தோடும் பணிமூப்பு இழப்பின்றியும் அரசு வழிசெய்து தர வேண்டும்.

இதைப் படித்ததும் என் சக மருத்துவர்கள் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அறுப்பதும் தைப்பதும் நம் வேலை, மரபணுவைப் படிப்பது விஞ்ஞானிகளின் வேலை, கட்டில் இல்லாமல் நோயாளிகள் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் வார்டை விட்டுவிட்டு ஆய்வகத்தில் போய் உட்காரச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்பார்கள். ஃபெலோஷிப்புக்குப் போகும்வரை நானும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருந்தேன். எங்கள் படிப்பில் மரபணு என்பது தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்யும் ஓர் அட்டவணை. இந்த நோய்க்கு இந்த மரபணு, இந்தக் குரோமோசோம் என்று வாய்மொழித் தேர்வில் ஒப்பித்துவிட்டால் அதோடு அதன் வேலை முடிந்தது. அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியும், எப்போது அறுப்பது, எவ்வளவு அறுப்பது, இந்த நோயாளிக்குப் பிறகு வீட்டில் வேறு யாரை அழைத்துப் பார்ப்பது என்ற மூன்று முடிவுகளையும் மாற்றக்கூடியது என்பதை எனக்கு எந்தப் பாடநூலும் உறைக்கும்படி சொல்லவில்லை.

தைராய்டுப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். அதில் மெடுல்லரி என்ற வகை அரிதானது. ஆனால் அந்த நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது பரம்பரையாக வருகிறது. 10-ஆவது குரோமோசோமில் உள்ள ரெட் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதற்குக் காரணம் என்பது 1993-இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடம் அந்த மாற்றம் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்து சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இதுவரை எல்லா அறுவை மருத்துவர்களும் அறிந்ததுதான். மாற்றம் மரபணுவின் எந்த இடத்தில் நிகழ்ந்துள்ளது என்பதைப் பொறுத்து அறுவை செய்ய வேண்டிய வயதே மாறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் 918-ஆவது இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் திரியோனின் என்ற அமினோ அமிலம் அமர்ந்திருந்தால், குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் தைராய்டை முழுமையாக எடுத்துவிட வேண்டும் என்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இத்தனைக்கும் டி.என்.ஏ.வில் மாறியிருப்பது ஒரே ஓர் எழுத்து. மாற்றம் 634-ஆவது இடத்தில் இருந்தால் ஐந்து வயதில் அல்லது அதற்கு முன்பே எடுக்க வேண்டும். வேறு சில இடங்களில் இருந்தால் இரத்தத்தில் கால்சிட்டோனின் என்ற ஹார்மோனின் அளவை அவ்வப்போது பார்த்துக்கொண்டு பொறுத்திருக்கலாம். கையில் கட்டி எதுவும் தட்டுப்படாத, விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையின் கழுத்தை அறுப்பதா, எப்போது அறுப்பது என்ற முடிவை அந்த ஓர் எழுத்து எடுக்கிறது. ஸ்கேனோ ஊசிச் சோதனையோ அவ்வளவு முன்னதாக அதைச் சொல்லிவிடாது.

அதே மாற்றம் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பியிலும் கட்டியை உண்டாக்கக்கூடியது. அதைத் தேடிப் பார்க்காமல் தைராய்டுக்காக மயக்கம் கொடுத்தால், மேசையிலேயே இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மரபணு அறிக்கை, முதலில் எந்த உறுப்பை அறுப்பது என்ற வரிசையையும் சொல்லிவிடுகிறது.

நோயாளியின் கேஸ் ஷீட்டில் குடும்ப வரலாறு என்று ஒரு வரி உண்டு. பெரும்பாலான கேஸ் ஷீட்டுகளில் அதற்கு நேரே 'குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை' என்றே எழுதப்பட்டிருக்கும். சர்க்கரை நோய் உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, வீட்டில் யாருக்காவது இதுபோல் வந்ததா என்று கேட்டு, நோயாளி தலையை ஆட்டியதும் அடுத்த வரிக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். ஆய்வகத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, குறைந்தது மூன்று தலைமுறைக்கு ஆண்களைச் சதுரமாகவும் பெண்களை வட்டமாகவும் வரைந்து, யார் எந்த வயதில், எந்த நோயால் இறந்தார் என்று குறித்துக்கொண்டு வருவது. அதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். 'வயித்துல கட்டி வந்து போயிட்டாரு' என்று ஒருவர் சொன்னால், அது குடலா, கல்லீரலா, கர்ப்பப்பையா என்று மெல்ல மெல்லக் கேட்டறிய வேண்டும். மார்பகப் புற்றுநோய் தாய் வழியாக மட்டுமே வரும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள், அந்நோயோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களின் மாற்றம் தந்தை வழியாகவும் அதே அளவுக்கு வரும் என்பதால், அப்பாவின் அக்காள் தங்கைகளைப் பற்றிக் கேட்காத குடும்ப வரலாறு பாதி வரலாறுதான். நியூசிலாந்தில் மாவோரிக் குடும்பம் ஒன்று, தங்கள் உறவினர் பலர் இளம் வயதிலேயே இரைப்பைப் புற்றுநோயால் இறந்துகொண்டிருப்பதைக் கண்டு, தாங்களாகவே ஆய்வாளர்களை நாடியது. அப்படிக் கிடைத்த குடும்ப வரைபடங்களிலிருந்துதான் ஒடாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் 1998-இல் சி.டி.எச். 1 என்ற மரபணுவை அந்நோயோடு தொடர்புபடுத்தினர். இந்த வகைப் புற்று இரைப்பையின் உட்சுவருக்கு அடியில் சிதறிக் கிடப்பதால் எண்டோஸ்கோப்பியின் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே மாற்றம் உள்ளவர்களுக்கு, நோய் தெரியாத நிலையிலேயே இரைப்பை முழுவதையும் எடுத்துவிட இன்று பரிந்துரைக்கிறார்கள். அறுவை மருத்துவத்தில் இதைவிடக் கனமான முடிவுகள் அதிகம் இல்லை.

அறுவை மருத்துவர் மரபணுவைக் கற்பதால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சிறுநீரக அறுவை மருத்துவர் மார்ஸ்டன் லினெஹன் செய்த பணியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1980-களில் சிறுநீரகப் புற்றுநோய் என்பது ஒரே நோயாகக் கருதப்பட்டது. கட்டி எந்த வகையானாலும் சிறுநீரகத்தை எடுப்பதுதான் சிகிச்சை. வான் ஹிப்பல் லின்டாவ் என்ற பரம்பரை நோயால் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரகம், கண், மூளை ஆகியவற்றில் கட்டிகள் வந்த குடும்பங்களை அவரும், பெர்ட்டன் ஸ்பார் முதலான மரபியல் ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். 1993-இல் அந்த நோய்க்கான மரபணு 3-ஆவது குரோமோசோமில் அடையாளம் காணப்பட்டது. பரம்பரையாக அல்லாமல் வரும் சிறுநீரகப் புற்றுகளில் மிகப் பரவலான வகையிலும் இதே மரபணுதான் செயலிழந்திருக்கிறது என்பதும் விரைவில் தெரியவந்தது. இந்த மரபணு, உடலின் செல்கள் ஆக்சிஜன் குறைவை உணரும் முறையோடு பின்னிப் பிணைந்தது. அந்த முறையை விளக்கிய கெய்லின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பாதையைத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் என்ற மாத்திரை 2021-இல் இந்நோயாளிகளுக்கு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

நோபல் பரிசும் மாத்திரையும் ஒருபுறம் இருக்கட்டும். அறுவை அரங்கில் நிற்கும் எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. இந்தப் பரம்பரை நோயாளிகளுக்கு இரு சிறுநீரகங்களிலும் கட்டிகள் மீண்டும் மீண்டும் முளைக்கும். ஒவ்வொன்றையும் கண்டவுடன் அறுத்தால் விரைவிலேயே சிறுநீரகமே மிஞ்சாமல் டயாலிசிஸில் போய் நிற்பார்கள். மிகப் பெரிய கட்டி 3 சென்டிமீட்டரை எட்டும்வரை கவனித்துக்கொண்டு காத்திருக்கலாம், எட்டியதும் கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காக்கலாம் என்ற விதி, இக்குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்ததால்தான் பிறந்தது. ஆனால் ஃபியூமரேட் ஹைட்ரட்டேஸ் மரபணுவின் மாற்றத்தால் வரும் சிறுநீரகப் புற்றுக்கு இதே விதியைப் பொருத்தினால் நோயாளியை இழந்துவிடுவோம். அந்தக் கட்டி சிறிதாக இருக்கும்போதே பரவக்கூடியது. காத்திருக்காமல், சுற்றிலும் அகலமாக எடுக்க வேண்டும். ஸ்கேனில் ஒரே அளவு தெரியும் இரண்டு கட்டிகளில் ஒன்றுக்குப் பொறுமையும் மற்றொன்றுக்கு அவசரமும் வேண்டும். பிரித்துச் சொல்வது மரபணு. இந்த இரண்டாம் வகை உள்ள குடும்பங்களில் பெண்களுக்கு இளம் வயதிலேயே கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள் வருவது வழக்கம். கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் மாநிலத்தில், எந்த வயதில், எதற்காக எடுத்தார்கள் என்று சிறுநீரகக் கட்டியோடு வரும் அவர்களுடைய தம்பியிடம் யார் கேட்கிறோம்?

இனி, கட்டியை எடுத்த பிறகு நடப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது சலிப்பூட்டும் விஷயம்தான், ஆனாலும் இதில்தான் எங்கள் பங்கு பெரிது. ஆய்வகத்துக்கு ஒரு திசு வந்து சேர்ந்ததும் அங்குள்ளவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இரத்த ஓட்டம் நின்ற எவ்வளவு நேரத்தில் இது, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடப்பட்டது என்பது. அறுவை அரங்குகளில் அந்த நேரத்தை எவரும் குறிப்பதில்லை. எடுத்த கட்டி தட்டில் கிடக்கும். உறவினரிடம் காட்டிவிட்டு வர எடுத்துப் போவார்கள். தையல் முடிந்து, குறிப்பு எழுதி முடித்த பின்னரே பாட்டிலுக்குப் போகும். பாட்டிலில் கட்டியின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். கட்டி முங்கினால் போதும் என்பதே நடைமுறை. மார்பகக் கட்டிகளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின், பிறகு அதில் 6 மணி முதல் 72 மணி நேரம் வரை என்று சர்வதேச வழிகாட்டுதல் இருக்கிறது. சனிக்கிழமை மாலை எடுத்த கட்டி எப்போது, திசுவைச் சோதிக்கும் பாத்தாலஜி துறைக்குப் போகிறது என்பதை எந்த மருத்துவமனையிலும் விசாரித்துப் பார்க்கலாம். பிரிட்டனின் 1,00,000 ஜீனோம் திட்டத்தில்கூட, ஃபார்மலினில் கிடந்த திசுவின் டி.என்.ஏ. சிதைந்து முழு ஜீனோமைப் படிக்க உதவாமல் போனதால், புதிதாக எடுத்து உறையவைத்த திசுவுக்கு மாற வேண்டியிருந்தது. அதற்காகப் பல மருத்துவமனைகள் அறுவை அரங்கிலிருந்து பாத்தாலஜிவரை தங்கள் நடைமுறையையே மாற்றிக்கொண்டன. கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கும், டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தும் இயந்திரம் நல்ல முடிவைத் தருமா என்பது, அறுவை மேசைக்கு அருகில் அந்தப் பாட்டிலை வைத்திருக்கும் செவிலியர் கையிலும் இருக்கிறது. இதை எந்தச் சுற்றறிக்கையாலும் புரியவைக்க முடியாது. ஒரு மாதிரியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அது துண்டு துண்டாகிக் கிடப்பதைத் தன் கண்ணால் கண்ட அறுவை மருத்துவர், அடுத்த நாள் முதல் தானாகவே கடிகாரத்தைப் பார்ப்பார்.

மரபணு அறிக்கையைப் படிப்பதிலும் ஒரு பயிற்சி தேவைப்படுகிறது. மாற்றம் ஒன்று காணப்பட்டது, ஆனால் அது தீங்கானதா என்பது தெளிவாகவில்லை என்ற வகையில் நிறைய அறிக்கைகள் வருகின்றன. இந்தியர்களுக்கு இவ்வகை முடிவு கூடுதலாக வருவதற்குக் காரணம், ஒப்பிடுவதற்கான தரவுத் தொகுப்புகளில் நிரம்பியிருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதே. நம்மிடையே சாதாரணமாகக் காணப்படும், தீங்கற்ற ஒரு வேறுபாடு, அங்கே இல்லாததால் சந்தேகத்துக்குரியதாகத் தெரிகிறது. இத்தகைய அறிக்கையைக் கண்டு அஞ்சி நலமான மார்பகத்தை எடுக்கச் சொல்வது தவறு. இளம் பெண் ஒருத்தி அந்தத் தாளோடு எதிரே அமரும்போது, எடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வதற்கு அந்த அறிக்கை எப்படி உருவாகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 10,000 பேரின் ஜீனோமைப் படித்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அடுத்த மாதமே சென்னை ஐ.ஐ.டி., 480 மார்பகப் புற்றுத் திசுக்களின் மரபணுத் தகவல்களைக் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அதில் சென்னையைச் சேர்ந்த மார்பக மருத்துவமனையோடு இணைந்த ஆய்வுச் சங்கம் ஒன்றும் பங்காளி. அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாள்தோறும் அறுத்தெடுக்கப்படும் கட்டிகள் இத்தகைய தொகுப்புகளில் இடம்பெறாவிட்டால், நாளைய சிகிச்சைக்கான அளவுகோல் கட்டணம் செலுத்த முடிந்தவர்களின் கட்டிகளைக் கொண்டே அமையும்.

அகமண முறை நிலவும் நம் சமூகத்தில் சில மாற்றங்கள் சில குழுக்களில் செறிந்து கிடப்பதும் அறுவை அரங்குக்குத் தொடர்புடையதே. வைசியர் சமூகத்தினரிடையே, பியூட்டிரைல் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மயக்க மருத்துவர்கள் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின், சில நிமிடங்களில் சிதைந்து போக வேண்டியது, இந்தக் குறைபாடு உள்ளவர்களின் உடலில் நீண்ட நேரம் தங்கி மூச்சை நிறுத்தி வைத்துவிடும். நம் மயக்க மருத்துவர்கள் பலர் இதை அனுபவத்தில் அறிந்து வைத்திருக்கிறார்கள். தெற்காசிய மக்கள் குழுக்களைப் பற்றி 2017-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, இதன் மரபணுப் பின்னணியை விரிவாக எடுத்துரைத்தது.

இவற்றோடு சேர்ந்து வரும் பொறுப்பையும் மறைக்க விரும்பவில்லை. ஒருவரின் இரத்தத்தில் மாற்றம் இருப்பதைச் சொல்வது, அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்வதாகும். மணமாகாத மகளுக்கும் சோதனை செய்யலாம் என்றதும், 'வரன் பார்த்துக்கிட்டிருக்கோம் டாக்டர், இப்ப வேண்டாம்' என்று தாயார் எழுந்து போய்விடுவது நடக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரெட் மாற்றத்துக்குக் குழந்தையிலேயே சோதிக்க வேண்டும், ஏனெனில் உடனே செய்யத்தக்க சிகிச்சை உண்டு, பி.ஆர்.சி.ஏ. மாற்றத்துக்குப் பதினெட்டு வயதாகும்வரை சோதிக்கத் தேவையில்லை. இந்த வேறுபாட்டை நிதானமாக விளக்க மரபணு ஆலோசகர்கள் வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைப் போன்ற சில இடங்களில் பரம்பரைப் புற்றுநோய்க்கெனத் தனி வசதி உண்டு. மாவட்டங்களில் அந்தப் பேச்சு, நேரமில்லாத ஓர் அறுவை மருத்துவரின் வெளிநோயாளிகள் மேசையில்தான் நடந்தாக வேண்டியிருக்கிறது.

இனி, நடைமுறைக்கு வருகிறேன். எம்.எஸ். மாணவர் அனைவரும் ஆய்வேடு ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. குடலிறக்கத்துக்கு எந்த வலை, மூல நோய்க்கு எந்த முறை என்று அதே தலைப்புகள் கல்லூரிக்குக் கல்லூரி சுற்றிவருவதைத் துறையில் உள்ள அனைவரும் அறிவர். மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் பணியாற்றுவதைப் பாடத்திட்டத்தின் பகுதியாக ஆணையம் ஆக்கியபோதும், வார்டை யார் பார்ப்பது என்ற அதே முறையீடு எழுந்தது. திட்டம் நடைமுறைக்கு வந்தது, வார்டுகளும் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் அறுவைப் பயிற்சிக்கு இடையே ஓரிரு ஆண்டுகள் ஆய்வகத்துக்குச் செல்வது பழகிப்போன ஒன்று. இங்கிலாந்தில் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரியே பயிற்சி மாணவர்களுக்கு ஓராண்டு ஃபெலோஷிப் தருகிறது. இந்தியாவிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ், மருத்துவர்களுக்கெனத் தனியாக ஃபெலோஷிப் வைத்திருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே ஆய்வில் தடம் பதித்தவர்களுக்கே எட்டக்கூடியது. அதன் வாசல்வரை போய்ச் சேருவதற்கான முதல் ஓராண்டைத்தான் நான் கேட்கிறேன்.

மேற்படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 50 விழுக்காட்டை அரசு மருத்துவர்களுக்கு ஒதுக்கி, அவர்களை ஊதியத்தோடு படிக்க அனுப்பும் தமிழகத்துக்கு இது புதிய செலவினமாகத் தோன்ற வேண்டியதில்லை. ஆண்டுக்குப் பத்துப் பேரில் தொடங்கலாம். சென்னை, வேலூர், மதுரை ஆகிய ஊர்களில் மரபணு ஆய்வுத் திறன் உள்ள நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, போகிறவர் தன் கல்லூரியின் நோயாளிகளுடைய திசுக்களையும் குடும்பங்களையும் பற்றியே ஆராய வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். அப்போது அவர் வார்டோடு தொடர்பை இழக்கமாட்டார். திரும்பி வந்தபின் குறிப்பிட்ட காலம் அதே கல்லூரியில் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அந்த ஓராண்டைப் பணிக்காலமாகக் கணக்கிடும் அரசாணை இல்லாததால்தான், விருப்பமுள்ள இளைஞர்கள் பதவி உயர்வுப் பட்டியலைப் பார்த்துப் பின்வாங்குகிறார்கள். சுகாதாரத் துறைச் செயலரும் மருத்துவக் கல்வி இயக்குநரும் அந்த ஆணையை அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் பிறப்பிக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசு மருத்துவக் கல்லூரி அறுவைச் சிகிச்சைத் துறை ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.